நடுவில் வளைந்த கோடுகள்

என் தம்பி கிளெம் பாஸ்கோ ஒரு பிளைவுட் துண்டை என் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் அறைந்து வைத்தான். கோப்பை ஆடி மேஜைத்துணியெல்லாம் நனைந்தது.

"பாரு பெரில். பாம்பு ஊர்ந்து போன தடம் மாதிரி இருக்கு. இதைக் கொண்டுபோய் புட்பால் கிளப்புல குடுத்தா, என்னைத் தூக்கிப் பாலத்துலேர்ந்து கடல்ல போட்டுருவானுங்க."

எடுத்துப் பார்த்தேன். லேசரால் சுட்டு வரைந்த சோதனைக் கட்டங்கள். குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய பழுப்புக் கோடுகள். என் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

"நேராத்தானே இருக்கு?"

"நேரா இருக்காம்! காலம் பூரா பேக்கரியில நின்னியே, நீ கறி வெச்சு மடிச்ச பேஸ்ட்டி ஒண்ணாவது நேரா இருந்திருக்கா? உன்கிட்ட வந்து கேட்டேன் பாரு."

அவன் பேச்சு எப்போதும் அப்படித்தான். விவாகரத்துக்குப் பிறகு தனி ஆள். எங்கள் துறைமுக ஊரான வாலரூவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். காலையில் பண்ணை வாசல்களில் நிற்கும் பிள்ளைகளையெல்லாம் ஏற்றிக் கொண்டுபோய் பக்கத்து ஊரான கடைனாவில் இறக்கிவிட்டு வந்தானென்றால், பள்ளி விடும் நேரம்வரை என் வீட்டுப் பின்கட்டு கராஜில்தான் இருப்பான். மதியச் சாப்பாடும் என் கையால்தான். கராஜில் ஒரு பக்கம் என் ரவுட்டர் மெஷின். கம்ப்யூட்டரில் வரைந்ததை மரத்தில் தானாகக் குடைந்து கொடுக்கும். நான் அதில் வீட்டு எண் பலகைகளும் படகுகளுக்குப் பெயர்ப் பலகைகளும் செய்கிறேன். இன்னொரு பக்கம் அவனுடைய லேசர் மெஷின். பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான். இப்போது ஊரில் யாருக்குப் பரிசு கொடுப்பதென்றாலும் எங்களிடம் வருகிறார்கள்.

குளிர்காலம் முடியும்போது அவன் லேசரின் தலையை மாற்றினான். பழையது தோலையும் மெல்லிய மரத்தையும் சுடும், அவ்வளவுதான். புதியது பல மடங்கு வலுவானது. ஸ்டீலில்கூடக் கறுப்பாக எழுதும். அதோடு டம்ளரை மெல்லச் சுழற்றிக் கொடுக்கும் உருளை ஒன்றும் வாங்கினான். புட்பால் கிளப்பில் எல்லோருக்கும் பெயர் போட்ட ஸ்டீல் டம்ளர் வேண்டுமாம். உருளையை வைத்தால் மெஷினின் மூடி மூடவில்லை. மூடி திறந்திருந்தால் லேசர் எரியாதபடி ஒரு சிறிய சுவிட்ச் இருந்தது. அதன் வயரை முறுக்கி ஒன்றாகச் சேர்த்துவிட்டு, மூடியையே கழற்றிச் சுவரோரம் சாத்திவிட்டான். பெட்டியோடு இரண்டு ஜோடி பச்சைக் கண்ணாடிகள் வந்திருந்தன. ஒன்றை அவன் போட்டுக்கொண்டான், மற்றொன்றை எனக்குக் கொடுத்தான். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

டம்ளர்கள் அருமையாக வந்தன. அதற்கப்புறம் கொஞ்ச நாளில்தான் இந்தக் கோணல் கோட்டுப் பிரச்சினை ஆரம்பித்தது.

முதலில் பெல்ட் தளர்ந்திருக்கும் என்றான். இறுக்கினான். சரியாகவில்லை. புதுப் பெல்ட் வரவழைத்துப் போட்டான். பிறகு பல்சக்கரத்தின் திருகு நழுவுகிறது என்று எல்லாவற்றையும் கழற்றிப் பசை வைத்து முடுக்கினான். சின்னச் சின்ன பிளாஸ்டிக் சக்கரங்களின் மேல் ஓடிக்கொண்டிருந்த தலையை, எஃகு ரெயிலின் மேல் ஓடும்படி மாற்றினான். அந்த வேலை ஒரு வாரத்துக்குமேல் பிடித்தது. கராஜ் தரையெல்லாம் திருகுகள். நான் வெறுங்காலோடு போய் ஒன்றை மிதித்துக் கத்தினேன்.

ரெயில் போட்டு முதல் கட்டம் சுட்டதும், கடிகாரக் கடைக்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்வார்களே, அந்தப் பூதக்கண்ணாடியை வலது கண்ணில் செருகி, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்தான். அவன் எதையும் நுணுக்கிப் பார்ப்பது அப்படித்தான். நிமிர்ந்தபோது முகம் சுண்டிப்போயிருந்தது.

"இன்னும் வளையுது. அதே இடத்துல. நட்ட நடுவுல."

அதற்குமேல்தான் ரூடி நோஸ்கியைக் கூப்பிட்டோம். ரூடி துறைமுகத் தானியக் கிடங்கில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். கிளெமின் நெடுநாள் கூட்டாளி. இரண்டு பேரும் சேர்ந்தால் வேலை பாதி, சண்டை பாதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெட்வர்ஸ்ட் தொத்திறைச்சி வைத்த ரொட்டிப் பொட்டலத்தோடு வந்தான். வயர்களைப் பிரித்துப் பார்த்தான். போர்டைப் பார்த்தான். மோட்டாரைத் தொட்டுச் சூடு பார்த்தான். கட்டம் ஒன்றைச் சுடச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தான்.

"இதுல என்னய்யா தப்பு? அச்சடிச்ச மாதிரி இருக்கு."

"சரியாப் பாருடா. நடுவுல பாரு. கோடெல்லாம் உள்ளே இழுத்துக்கிட்டு நிக்குது. ஒரு இடத்துல கோடே அழிஞ்சு போயிருக்கு."

"எங்க அழிஞ்சிருக்கு? விரலை வை."

கிளெம் பூதக்கண்ணாடியோடு குனிந்து விரலை வைத்தான். ரூடி அந்த இடத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அங்கே ஒரு கோடு, இருக்க வேண்டியபடி, முழுசாக இருந்தது.

"உங்க ரெண்டு பேருக்கும் கண்ணு போச்சு," என்றான் கிளெம். "கடைனாவுல போய் ஆளுக்கொரு கண்ணாடி வாங்கிப் போடுங்க. அப்புறம் வந்து எனக்குப் பாடம் நடத்துங்க."

ரூடி ரொட்டியைக் கடித்தபடி என் ரவுட்டர் மெஷினைப் பார்த்தான்.

"பெரில், இதே கட்டத்தை உன் மெஷின்ல குடைஞ்சு குடுப்பியா? கூர்முனைக் கத்தி போட்டு, மேலாக்க."

"அது எதுக்கு?" என்றான் கிளெம்.

"வரைபடத்துலயே கோளாறு இருந்தா? ரெண்டு மெஷின்லயும் ஒரே மாதிரி வரும் இல்ல. சும்மா வாயை மூடிட்டு இரு."

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒரு பைன் பலகையைப் பிடித்து மாட்டி, கத்தியை மாற்றி ஓடவிட்டேன். மெஷின் இரைச்சலில் கொஞ்ச நேரம் யாரும் சண்டை போடவில்லை. முடிந்ததும் தூளை ஊதிவிட்டுப் பலகையைக் கிளெமிடம் கொடுத்தேன். அவன் வலது கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகினான்.

பார்த்ததும் சந்தோஷத்தில் கத்தினான்.

"இதோ! இதுலயும் வளையுது! அதே மாதிரி, அதே நடுவுல! பெல்ட்டும் இல்ல, ரெயிலும் இல்ல. படத்துலதான் கோளாறு! ரூடி, நீ ஒரு மேதைடா!"

ரூடி சிரிக்கவில்லை. பலகையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என்னிடம் நீட்டினான். நான் விரலால் தடவினேன். கோடுகள் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன.

ரூடி சுவரில் தொங்கிய எஃகு அளவுகோலை எடுத்தான். என் கணவர் கப்பல் பட்டறையில் வைத்திருந்தது. கீழே போட்டால்கூட வளையாது. அதைப் பலகையின் மேல், ஒரு கோட்டை ஒட்டி வைத்தான்.

"இப்பப் பாரு கிளெம். அளவுகோல் ஓரத்தையும் கோட்டையும் சேர்த்துப் பாரு. ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி எங்க வருது?"

கிளெம் குனிந்தான். குனிந்தவன் அப்படியே இருந்தான். பலகையைக் கொஞ்சம் நகர்த்தினான். அளவுகோலை எடுத்து முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

"அளவுகோலும் வளைஞ்சிருக்கு," என்றான்.

கிடங்குப் பக்கத்திலிருந்து லாரி ஒன்று கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

"பூதக்கண்ணாடியை எடு," என்றான் ரூடி. அவன் குரல் அத்தனை தணிந்து நான் கேட்டதில்லை. "வலது கண்ணைக் கையால பொத்து. இடது கண்ணால மட்டும் பாரு."

"நேரா இருக்கு."

"இப்ப இடது கண்ணைப் பொத்து."

கிளெம் இடது கண்ணைப் பொத்தினான். அளவுகோலைப் பார்த்தான். கராஜ் கதவின் சட்டத்தைப் பார்த்தான். ஜன்னல் கம்பியைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"பெரில்," என்றான். "உன் தலைமுடி தெரியுது. காது தெரியுது. கழுத்துச் சங்கிலி தெரியுது. உன் முகத்தைக் காணோம்."

பக்கத்திலிருந்த பெயிண்ட் வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"காணோம்னா? இருட்டா இருக்கா?"

"இருட்டு இல்ல. சாம்பலா, அழுக்கா ஒரு புள்ளி. நான் எங்க பார்த்தாலும் அங்க வந்து உக்காருது. ஓரமாப் பார்த்தா எல்லாம் தெரியுது. நேராப் பார்த்தா அது மட்டும் தெரியல." கையை எடுத்தான். "ரெண்டு கண்ணையும் திறந்தா சரியாயிடுது. ஒண்ணுமே இல்லாத மாதிரி."

இத்தனை வாரமாக அவன் பெல்ட் மாற்றியதும், திருகு முடுக்கியதும், ரெயில் போட்டதும் ஒவ்வொன்றாக என் நினைவில் வந்தன. ஒரு மெஷினிலும் குறையில்லை. குறை அவன் கண்ணுக்குள் இருந்திருக்கிறது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் அதை மூடி மறைத்துவிடும். ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்க்கும் வேளையில் மட்டும் அது வெளியே வந்திருக்கிறது. அவன் உற்றுப் பார்த்ததோ அந்தக் கோடுகளை மட்டும்தான்.

ரூடி லேசர் மெஷின் பக்கம் போனான். மூடியில்லாத அதன் உள்ளே பார்த்தான். முறுக்கிச் சேர்த்திருந்த வயரை விரலால் தொட்டான்.

"இதை யாரு பண்ணது?"

"நான்தான். உருளை வெச்சா மூடி மூடல."

"அந்தக் கண்ணாடியைக் குடு."

கிளெம் பச்சைக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தான். ரூடி அதை ஜன்னலுக்கு நேரே பிடித்து, உள்பக்கம் வெளிப்பக்கமெல்லாம் எதையோ தேடினான். எந்த ஒளியைத் தடுக்கும் என்று ஒரு எண்கூட அதில் அச்சிட்டிருக்கவில்லை.

"லேசர் ஒளி என்ன நிறம்?"

"நீலம்."

"பச்சைக் கண்ணாடி நீலத்தை நிறுத்துமா?"

"பெட்டியோட வந்ததுதானே," என்றான் கிளெம்.

ரூடி ஒரு வெள்ளைக் காகிதத்தை மெஷின் மேடையில் வைத்து, அதற்குமேல் பச்சைக் கண்ணாடியைக் கவிழ்த்தான். நாலு பக்கமும் பிளைவுட் பலகைகளை நிறுத்தி, லேசர் தலைக்கும் மேலே ஒன்றைப் போட்டு மூடினான். எங்கள் இருவரையும் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். கம்ப்யூட்டரைக் கொடிக்கயிற்றுக்குப் பக்கத்தில் பழைய மேஜைமேல் கொண்டுவந்து வைத்து, லேசரை மிகக் குறைந்த வலுவில் ஒரு கணம் எரியவிட்டான். பிறகு மெஷினின் மின்சாரத்தையே பிடுங்கிவிட்டு உள்ளே போனோம்.

கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அதற்கு அடியில் இருந்த காகிதத்தில் கறுப்பாக ஒரு பொட்டு. அதன் ஓரம் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

நான் அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தக் கண்ணாடி என் மூக்கிலும் இருந்திருக்கிறது. டம்ளரில் எழுத்து கறுத்து வருவது பார்க்க அழகாக இருக்கும். நானும் எத்தனையோ முறை குனிந்து பார்த்து, 'ஆகா' என்றிருக்கிறேன். வளைந்து பளபளக்கும் ஸ்டீலில் பட்ட ஒளி எந்தப் பக்கம் திரும்பித் தெறிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

கை தானாகவே மேலே போனது. இடது கண்ணைப் பொத்தி அளவுகோலைப் பார்த்தேன். வலது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். மறுபடி இடது. மறுபடி வலது. நேராக இருந்தது. நேராகத்தான் இருந்தது. ரூடி என்னை என்னவோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"பெரில்! உனக்கு எப்படி இருக்கு? சொல்லித் தொலை!"

"நேரா இருக்கு."

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

எனக்கு அழுகை வந்தது. என் கண் தப்பியதற்குச் சந்தோஷப்பட்டு அழுகிறேனா, அவன் கண்ணுக்காக அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அது வெட்கமாகவும் இருந்தது.

கிளெம் மட்டும் அசையாமல் காகிதத்தின் முன்னால் நின்றான். யாரோ அவனை அறைந்துவிட்டுப் போனது போல ஒரு முகம்.

"அன்னிக்கு..." என்றான்.

"என்னிக்கு?"

"போன மாசம். டிப்போலேர்ந்து காலையில கிளம்பி, பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு, கடைனா பள்ளிக்கூடத் திருப்பத்துல வர்றேன். அறுவடைத் தூசி. இடது கண்ணுல என்னமோ விழுந்துடுச்சு. கையால தேய்ச்சேன். ஒரு நொடிதான். எதிர்ல ரோடு காலியா இருந்துச்சு. கையை எடுத்துப் பார்த்தா, நட்ட நடு ரோட்டுல, பிள்ளைங்களை ரோடு தாண்டி விடுவாளே, அந்த நோலா நிக்கிறா. கையில நிறுத்துற பலகையோட. பஸ் மூக்குக்கு நேரா."

"அப்புறம்?"

"பிரேக்கை மிதிச்சேன். பின்னால ஒரு பிள்ளை சீட்டுல முட்டிக்கிட்டு அழுதுது. வெயில் கண்ணைக் கூசிடுச்சுன்னு நெனச்சேன். அவ எங்கிருந்தோ ஓடி வந்துட்டான்னு நெனச்சேன்." அவன் என்னைப் பார்த்தான். "அவ ஓடி வரல பெரில். அங்கயேதான் நின்னிருக்கா. பஸ் நிறைய பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு, நான் அவளைப் பார்க்கல."

ரூடி நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்கார வைத்தான். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். அவன் குடிக்கவில்லை. டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, அவனே ஆரம்பித்தான்.

"நாளைக்குக் காலையில பஸ் இருக்கு."

"நீ ஓட்டப் போறதில்ல," என்றேன்.

"ரெண்டு கண்ணும் திறந்திருந்தா எல்லாம் தெரியுது. சத்தியமாத் தெரியுது. வாரம் பூரா ஓட்டிட்டுத்தானே இருக்கேன்? டாக்டரைப் பார்க்கிற வரைக்கும்..."

"கிளெம்."

"என் இடத்துல வேற ஆளே கிடையாது பெரில். பண்ணைப் பிள்ளைங்க ரோட்டோரத்துல நிக்கும்."

"நிக்கட்டும். அழைச்சுட்டுப் போக அதுங்களுக்கு அப்பன் ஆத்தா இருக்கு," என்றான் ரூடி. "சாவியைக் குடுடா."

"குடுக்கலைன்னா?"

"குடுக்கலைன்னா டயர்ல காத்தைப் பிடுங்குவேன். என்னைத் தெரியும்ல உனக்கு."

கிளெம் அவனை முறைத்தான். நான் அடுத்து என்ன நடக்கும் என்று பயந்தேன். ஆனால் அவன் சட்டைப் பையிலிருந்து போனைத்தான் எடுத்தான். சாவியை ரூடியிடம் தராமல், தானே டிப்போ மேலாளர் வீட்டுக்குப் போன் செய்தான். "நாளைலேர்ந்து நான் ஓட்ட மாட்டேன். என் வலது கண்ணு போச்சு. ஆமா, போச்சு. எப்பன்னு தெரியல. தெரியாமலே ஓட்டிக்கிட்டிருந்திருக்கேன்." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, கடைசியில், "தயவுசெஞ்சு நல்லவனா நடந்துக்காதீங்க. திட்டுங்க," என்றான்.

மறுநாள் காலையில் என் காரில் கடைனாவுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னான். பள்ளிக்கூடத் திருப்பத்தில் நோலா தன் மஞ்சள் சட்டையும் நிறுத்தும் பலகையுமாக நின்றுகொண்டிருந்தாள். பிள்ளைகளெல்லாம் உள்ளே போய்ச் சேரும்வரை நாங்கள் ஓரமாகக் காத்திருந்தோம்.

"என்ன கிளெம், பஸ்ஸை வித்துட்டியா? அக்கா கார்ல சொகுசா வர்றே!"

கிளெம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். தூசி விழுந்தது, கண்ணைத் தேய்த்தது, அவளைப் பார்க்காதது எல்லாம். நோலாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அன்னிக்கா?" என்றாள். "நீ கையைத் தூக்கினே. எனக்கு வணக்கம் வைக்கிறேன்னு நெனச்சேன். நானும் பதிலுக்குக் கையாட்டினேன்."

அவள் பலகையின் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நின்றிருந்த இடத்தையும், பஸ் வரும் திசையையும் மாறி மாறிப் பார்த்தாள். கிளெம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "ஒண்ணும் சொல்லாதே. இப்ப ஒண்ணும் சொல்லாதே," என்று கையைக் காட்டிவிட்டு, வேலியோரம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பிறகு திரும்பி வந்து அவனை ஒரு தடவை இறுக்கிப் பிடித்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டாள்.

அடிலெய்டில் கண் டாக்டர் ஓர் இளம்பெண். மருந்து விட்டுப் படம் எடுத்து, திரையில் காட்டினாள். ஆரஞ்சுப் பழம் மாதிரி சிவந்த வட்டம். அதன் மையத்தில் ஊசி குத்தியது போல் ஒரு வெளுத்த புள்ளி. இத்தனூண்டு. அதைப் பார்த்து நான் நம்பவே இல்லை. இதுவா என் முகத்தை முழுசாக மறைத்தது?

"இது தீக்காயம். ஆறின தழும்பு," என்றாள். "ஏதாவது ஒரு நாள் கண்ணுல பளிச்சுன்னு பட்ட ஞாபகம் இருக்கா?"

கிளெம் யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது.

"ஒரு டம்ளர் உருளையில வழுக்குச்சு. சரியாச் சுத்துதான்னு குனிஞ்சு பார்த்தேன். விளிம்புல ஒரு நீலப் பொறி. போட்டோ எடுத்தா பளிச்சுன்னு அடிக்குமே, அப்படி. கொஞ்ச நேரம் ஒரு புள்ளி மிதந்துச்சு. டீ குடிச்சேன். சாயங்கால பஸ்ஸை ஓட்டப் போயிட்டேன். வலியே இல்லையே டாக்டர்?"

"வலிக்காது. அந்த இடத்துல வலிக்கிறதுக்கு ஒண்ணும் கிடையாது."

"கண்ணாடி போட்டா சரியாகுமா?"

"ஆகாது. அந்தப் புள்ளி கொஞ்சம் குறையலாம். பார்வை முழுசாத் திரும்பி வராது. இடது கண்ணு நல்லா இருக்கு, அதைப் பத்திரமாப் பார்த்துக்கங்க. பஸ் ஓட்டுற வேலையை மட்டும் மறந்துடுங்க."

வரும் வழியெல்லாம் அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, அறுத்து முடித்த வயல்களைப் பார்த்தபடியே வந்தான். போர்ட் வேக்ஃபீல்டு என்ற ஊரைத் தாண்டியதும் ஒரே ஒரு தடவை பேசினான். "பெல்ட்டுல கோளாறுன்னு கடைக்காரனுக்கு எவ்வளவு கோவமா எழுதினேன் தெரியுமா," என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரிக்க முயன்றான். முடியவில்லை.

மெஷினை உடைத்துப் போட்டுவிடலாம் என்றேன். ரூடி ஒத்துக்கொள்ளவில்லை. எஃகுத் தகட்டில் புதிதாகப் பெட்டி ஒன்று செய்தான். உருளையும் உள்ளே அடங்கும்படி உயரமாக. ஜன்னல் கிடையாது. உள்ளே ஒரு சின்ன கேமரா, வெளியே திரை. கதவைத் துளி திறந்தாலும் மின்சாரமே நின்றுவிடும். அந்த வயரை யாரும் தொட முடியாதபடி குழாய்க்குள் விட்டு அடைத்தான். கிளெம் இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தான். உதவிக்குத் திருகு எடுத்துக் கொடுத்தான். ஆனால் பெட்டி முடிந்து முதல் தடவை ஓட்டியபோது வெளியே கொடிக்கயிற்றடியில் போய் நின்றுகொண்டான்.

லேசர் மெஷின் வைத்திருப்பவர்கள் கூடிப் பேசும் இணையக் குழு ஒன்று உண்டு. அதில் கிளெம் நடந்ததை எழுதினான். புகைந்த காகிதத்தின் படத்தையும் போட்டான். முதலில் வந்தவர்களெல்லாம் கிண்டல் செய்தார்கள். 'வேலை தெரியாதவன் கையில் மெஷினைக் கொடுத்தால் இப்படித்தான்' என்று ஒருவன். 'நான் வருஷக்கணக்கில் வெறுங்கண்ணோடு பார்க்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று இன்னொருவன். கிளெம் அவனுக்கு மட்டும் பதில் போட்டான்: 'ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளவுகோலைப் பார்.' அந்த ஆள் அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை.

அடுத்த நாளிலிருந்து படங்கள் வரத் தொடங்கின. டவுன்ஸ்வில்லிலிருந்து பச்சைக் கண்ணாடியும் அதன் கீழே பொசுங்கிய காகிதமும். இன்வர்கார்கிலிலிருந்து ஒன்று. சுவாவில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், வகுப்பு அலமாரியில் வரிசையாக அடுக்கியிருந்த பச்சைக் கண்ணாடிகளைப் படமெடுத்துப் போட்டு, கீழே எதுவும் எழுதாமல் விட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு நான் எழுந்து போய் முற்றத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் என்னால் உள்ளே வர முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை நண்டு வேகவைத்துக்கொண்டிருந்தபோது கிளெமின் போன் அடித்தது. ஜெரால்ட்டனிலிருந்து ஒரு பெண். அவள் குரல் எனக்கே கேட்டது, அவ்வளவு பதற்றம். கணவர் கராஜில் டம்ளர் செய்கிறாராம். கண்ணாடியைச் சோதித்துப் பார்த்தார்களாம். காகிதம் பொசுங்கிவிட்டதாம். இப்போது அவர் கராஜில் உட்கார்ந்திருக்கிறார், கண்ணைச் சோதித்துப் பார்க்கப் பயந்துகொண்டு எழுந்து வர மாட்டேன் என்கிறாராம்.

"அம்மா, கொஞ்சம் மூச்சு விடுங்க," என்றான் கிளெம். "போனை அவர்கிட்ட குடுங்க. சார், என் பேரு கிளெம். வாலரூ. ஆமா, அந்த ஆள்தான். உங்களுக்கு எதிர்ல கதவு இருக்கா? அதோட சட்டத்தைப் பாருங்க. இல்ல, யோசிக்காதீங்க. நானும் இப்படித்தான் நின்னேன். இடது கண்ணைப் பொத்துங்க."

நான் அடுப்பை அணைத்தேன். கிளெம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி நின்றான்.

"சரி. இப்ப மத்தக் கண்ணு," என்றான். பிறகு, "நிச்சயமா? மறுபடி பாருங்க. ரெண்டுலயும்?"

அந்தப் பக்கம் அந்த ஆள் பேசினான். பேச்சா அழுகையா தெரியவில்லை. கிளெம் கேட்டுக்கொண்டே மெல்லச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தான். முதுகைக் குளிர்சாதனப் பெட்டியில் சாய்த்துக்கொண்டான்.

"அவருக்கு ஒண்ணும் இல்லையாம் பெரில்," என்றான், போனைக் கையால் மூடிக்கொண்டு. "ஒண்ணுமே இல்லையாம்."

போனை வைத்தபிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. நண்டு ஆறிக்கொண்டிருந்தது. நான் தட்டோடு போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.